சரக்கொன்றை வளர்ப்பு

சரக்கொன்றை என்பது இந்தியத் துணைக்கண்டத்தையும் அதனை அடுத்த தென்கிழக்கு ஆசியப் பகுதிகளையும் தாயகமாகக் கொண்ட, மஞ்சள் நிறப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கும் நடுத்தர உயரமுள்ள ஒரு மரமாகும். கொன்றை, திருக்கொன்றை என்ற பெயர்களாலும் இது அறியப்படுகின்றது. தாவரவியலில் இதன் பெயர் காசியா ஃபிஸ்டுலா என்பதாகும். அவரை, புளி, வாகை முதலியவை அடங்கிய ஃபேபேசியே குடும்பத்தில் இது வகைப்படுத்தப்பட்டுள்ளது. வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படுகின்றது. கேரளத்தின் மாநில மலர் இதுவே. தாய்லாந்து 2001 ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய மலராக அறிவித்தது.

விதையிலிருந்து வளரும் சரக்கொன்றை முதன்முறையாகப் பூப்பதற்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். எட்டு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே கன்றைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறும், இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறும் மரம் பெரிதான பின்னரே தெரியவருகின்றன. அந்நிலையில் மரத்தை வெட்டுவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழி இருப்பதில்லை. தோட்ட மரங்களுள் சரக்கொன்றைக்கு இத்தவறு மிகுதியாக நேர்வதற்கு அதன் பெயரும் ஒரு காரணமாகும்.

பெயர்

பூங்கொத்து சரம்போலத் தொங்குவதால் சரக்கொன்றை என்ற பெயர் ஏற்பட்டது. மலையாளத்தில் கணிக்கொன்ன எனப்படுகின்றது. ஏப்ரல் மாதத்தின் நடுவில் வரும் விஷு நாளன்று விடியலில் காணும் கணியில் இப்பூ இடம்பெறுவதே அப்பெயருக்குக் காரணம். இந்தியில் அமல்தாஸ் என்றும், சிங்களத்தில் எஹெல என்றும் அழைக்கப்படுகின்றது.

காசியா ஃபிஸ்டுலா என்ற பெயரை 1753 ஆம் ஆண்டில் கரோலஸ் லின்னேயஸ் வெளியிட்டார். ஃபிஸ்டுலா என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குழல் என்பது பொருள். நீண்டு உருண்ட காயின் வடிவத்தை அச்சொல் குறிக்கின்றது. தமிழிலும் கொன்றைக்குக் குழலோடு தொடர்பு உண்டு. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக்குழல் பேசப்படுகின்றது. அது கொன்றைக் காயைத் துளைத்துச் செய்த குழலா, ஒரு பண்ணின் பெயரா என்பதில் உரையாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எப்படியாயினும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே மரத்திற்குக் குழலை நினைத்திருப்பது சுவையான ஒற்றுமையே.

கொன்றை எனப்படும் பிற மரங்கள்

தமிழில் கொன்றை என்ற சொல் ஒரு மரத்தை மட்டும் குறிப்பதன்று. மஞ்சள் நிறத்தில் கொத்தாகப் பூக்கும் மரங்கள் பலவற்றுக்கும், மஞ்சளாகப் பூக்காத சிலவற்றுக்கும்கூட இப்பெயர் வழங்குகின்றது. நாற்றங்கால்களில் "கொன்றைக் கன்று" என்று கேட்டால் கிடைப்பது எதுவாகவும் இருக்கலாம்.

நகரச் சாலைகளில் நிழலுக்காக நடப்பட்டுள்ள பெருங்கொன்றை இவற்றுள் ஒன்று. இயல்வாகை என்றும் இதற்குப் பெயர். தாவரவியலில் பெல்டோஃபோரம் டெரோகார்பம் எனப்படும். இதன் பூங்கொத்து தொங்குவதில்லை. கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். இலைகள் புளியிலையைப் போன்ற சிறு சிற்றிலைகளால் ஆனவை. காய்கள் தட்டையாகச் செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். மஞ்சட்கொன்றை எனப்படும் சென்னா சயாமியா மற்றொன்று. இதன் பூங்கொத்தும் நிமிர்ந்தே நிற்கும், காய்கள் தட்டையானவை. மயிற்கொன்றை என்பது சிவப்பாகவும் மஞ்சளாகவும் பூக்கும் ஒரு பெருஞ்செடி. கோடையில் செந்நிறமாகப் பூத்து நிற்கும், மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட குல்மொகர் மரத்தையும் செம்மயிற்கொன்றை என்பர். மலையாளத்தில் சீமக்கொன்ன என்றால் அது வேலிக்கும் தழையுரத்திற்கும் வளர்க்கப்படும் கிளைரிசிடியா.

மேற்கூறியவற்றை மாற்றி நட்டுவிட்டால் ஏமாற்றம் மட்டுமே மிஞ்சும். ஆனால் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரத்தை மாற்றி நடுவது அவ்வளவு எளிதாக முடிவதில்லை. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரம் அழகுக்காகவும் நிழலுக்காகவும் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. பூவின் நிறத்தாலும் அளவாலும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சரக்கொன்றை போலவே தோன்றும். கேரளத்தின் வயநாட்டிலும் தமிழ்நாட்டின் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும் இது பரவி, அடியில் புல்லும் உள்நாட்டுச் செடிகளும் வளரவிடாமல் அடர்ந்துவிட்டது. புல்லை நம்பியுள்ள மான்களும் காட்டெருதுகளும் இதனால் மேய்ச்சல் நிலத்தை இழக்கின்றன. வெட்டினால் அடிமரத்திலிருந்து மீண்டும் பல கிளைகளாகத் துளிர்க்கும். இதனை அகற்றும் பணியை இரு மாநில வனத்துறைகளும் மேற்கொண்டுள்ளன. காடுகளை ஒட்டிய ஊர்களில் உள்ளோர் கொன்றை என்று எண்ணி இதனை நட்டுவிடாமல் இருப்பது மிகவும் இன்றியமையாதது.

பூக்கும் மரத்தில் வேறுபாடு காண்பது எளிது. சரம் கீழ்நோக்கித் தொங்கினால் சரக்கொன்றை. கொத்து மேல்நோக்கி நின்றால் அது வேறு. கன்றில் பூ இராது என்பதால் இலையைப் பார்க்கவேண்டும். சரக்கொன்றையின் இலை ஒருமுறை மட்டும் பிரிந்த கூட்டிலை. அதில் 3 முதல் 8 இணைச் சிற்றிலைகளே இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் 7 முதல் 20 செ.மீ. வரை நீளமுள்ளதாய், அகன்று, பளபளப்பாகக் காணப்படும். சென்னா ஸ்பெக்டாபிலிசின் சிற்றிலைகள் ஒடுங்கியவை; எண்ணிக்கையிலும் மிகுதியானவை, ஓர் இலையில் 15 இணைகள் வரை இருக்கும். எனவே கன்றின் இலையில் எட்டு இணைக்கு மேல் எண்ண முடிந்தால் அக்கன்றை வாங்காமல் விடுவதே நலம். ஐயமின்றி அறிய விரும்புவோர், தாம் பூத்துப் பார்த்த மரத்தின் காயிலிருந்து தாமே விதையெடுத்து முளைக்கவைக்கலாம்.

மரத்தின் அமைப்பு

சரக்கொன்றை 10 முதல் 15 மீட்டர் வரை உயரும். காட்டில் சற்று மேலும் வளர்வது உண்டு. தோட்டங்களில் பெரும்பாலும் 10 மீட்டருக்குள் நின்றுவிடும். இளமரத்தின் பட்டை வழவழப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். முதிர்ந்தபின் கருமை கலந்து சொரசொரப்பாகும். கோடைக்கு முன் இலைகள் உதிர்கின்றன. இலையற்ற கிளைகளில், அல்லது இளந்தளிரோடு சேர்ந்து, பூச்சரங்கள் தோன்றும். ஒரு சரம் 20 முதல் 40 செ.மீ. நீளமிருக்கும். தமிழ்நாட்டுச் சமவெளிகளில் ஏப்ரல் முதல் சூன் வரை முதன்மையான பூக்கும் காலமாகும்.

பூவில் ஐந்து இதழ்கள் உள்ளன. பத்து மகரந்தத்தாள்களும் ஒரே அளவினவாக இல்லை என்பது கூர்ந்து பார்ப்பவருக்குப் புலப்படும். மூன்று தாள்கள் மிக நீண்டு, கொக்கி போல் வளைந்து நிற்கும். நான்கு குட்டையானவை. எஞ்சிய மூன்றும் மிகச் சிறியவை. பூவில் தேன் இல்லை. தேடிவரும் வண்டுகளுக்கு மகரந்தமே உணவு. கருநிறத் தச்சுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்து, குட்டைத் தாள்களிலுள்ள சிறு துளைகளின் வழியாக மகரந்தத்தைக் கொட்டவைத்து எடுத்துக்கொள்கின்றன. அவ்வேளையில் நீண்ட தாள்களின் மகரந்தம் அவற்றின் உடலின்மீது படிந்து அடுத்த பூவுக்குச் செல்கின்றது. உணவுக்கு ஒரு வகைத் தாள், இனப்பெருக்கத்திற்கு மற்றொரு வகைத் தாள் என்ற இந்தப் பிரிவினையைக் கோடைக் காலையில் மரத்தடியில் சற்று நேரம் நின்றால் நேரிலேயே காணலாம். வண்டின் ரீங்காரம் பூவில் அமர்ந்ததும் சட்டென்று மாறி ஒலிப்பதே அடையாளம்.

காய் 30 முதல் 60 செ.மீ. நீளமும் ஏறக்குறைய 2 செ.மீ. தடிப்பும் உடைய உருளை. முதலில் பச்சையாகவும் முதிர்ந்தபின் கருமையாகவும் இருக்கும். முற்றுவதற்கு ஏறத்தாழ ஓராண்டாகும். ஆகவே இவ்வாண்டுப் பூவோடு சென்ற ஆண்டின் கரிய காய்களும் ஒரே கிளையில் தொங்குவதைக் காணலாம். காயின் உட்புறம் குறுக்குத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு விதையும் அதனைச் சுற்றிக் கரிய, பிசுபிசுப்பான சதையும் உள்ளன. காய் தானாக வெடிப்பதில்லை.

அவரைக் குடும்பத்து மரம் என்பதால் இது வேர்முடிச்சுகளின் மூலம் மண்ணில் நைட்ரசனைச் சேர்க்கும் என்று கருதுவோர் உளர். அது சரியன்று. காசியா இனத்து மரங்களில் வேர்முடிச்சுகள் உருவாவதில்லை. நிலத்தை வளப்படுத்துவது நோக்கமானால் அகத்தியோ கிளைரிசிடியாவோ பொருத்தமானவை.

தோட்டத்திற்குத் தேர்ந்தெடுத்தல்

வளர்ந்த சரக்கொன்றையின் தலைப்பகுதி 6 முதல் 8 மீட்டர் வரை, அதாவது 20 முதல் 26 அடி வரை, அகலும். சென்னையில் ஒரு கிரவுண்டு எனப்படும் 2400 சதுர அடி மனையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அது பெரும்பாலும் 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உடையது. வீட்டின் முன் 15 அடி இடம் விடப்பட்டிருந்தாலும், மரத்தின் ஒரு பக்கம் வீட்டின்மேலும் மறு பக்கம் தெருவின்மேலும் சாயும். கிளைகளை ஓரளவு ஒழுங்குபடுத்தி இதனைச் சமாளிக்கலாம். அரைக் கிரவுண்டு மனையில் சமாளிக்க இயலாது. அங்கு பவளமல்லி, வெண்மந்தாரை, ஈழத்தலரி போன்ற சிறு மரங்களே தக்கவை. சுவரிலிருந்து 4 மீட்டருக்குக் குறையாத தொலைவில், மேலே மின்கம்பி செல்லாத இடமாகப் பார்க்கவேண்டும். ஈராண்டுக் கன்று மின்கம்பியைத் தொடுமா என்று அப்போது தோன்றாது. பத்தாம் ஆண்டில் மின்வாரிய ஊழியர் வந்து உச்சியை வெட்டும்போது மரம் தன் வடிவத்தை இழந்துவிடும்.

நிழலை எதிர்பார்த்து இம்மரத்தை நடுவது தவறான தேர்வாகும். வெயில் கடுமையாக உள்ள மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில்தான் இது இலையின்றி நிற்கின்றது. வீட்டின் மேற்குப் பக்கத்தில் மாலை வெயிலைத் தடுக்க மரம் வேண்டுவோர் ஆண்டு முழுவதும் இலை தாங்கும் மகிழ மரத்தையோ, கோடையில் விரைந்து தளிர்க்கும் புங்க மரத்தையோ நடலாம். மகிழம்பூ சிறியது, கண்ணைப் பறிப்பதில்லை. ஆனால் அதன் மணம் உதிர்ந்து காய்ந்த பின்னரும் நீடிக்கும். சரக்கொன்றையின் சிறப்பு கண்ணுக்கானது. ஆண்டில் ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு மட்டும் உரியது. எஞ்சிய காலத்தில் அது ஒரு சாதாரண மரமே. இதனை அறிந்து நடுபவர் ஏமாற்றமடைய மாட்டார்.

காற்றைத் தாங்கும் ஆற்றலும் கருதத்தக்கது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. குல்மொகர், பெருங்கொன்றை போன்று விரைவாக வளர்ந்து, பரந்த தலையையும் எளிதில் முறியும் கிளைகளையும் கொண்ட அயல்நாட்டு மரங்கள் வீழ்ந்தவற்றுள் மிகுதியாக இருந்தன. சரக்கொன்றை மெதுவாக வளர்வது; மரம் கடினமானது; தலைப்பகுதி அடர்த்தியற்றது என்பதால் காற்று ஊடே செல்லும். புயல் வரும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலையோடு நிற்கும் என்பது மட்டுமே குறை. இருப்பினும் சாலைப்பணிக்காக ஒரு பக்க வேர் அறுக்கப்பட்ட மரமும், அடிமரம் வரை சிமெண்டுத் தளம் போடப்பட்ட மரமும் எந்த வகையாயினும் சாய்வதற்கு ஏதுவானவையே. நட்ட மரத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்காவது மண்தரை விடப்படவேண்டும்.

உதிரும் இதழ்கள், இலைகள், காய்கள் ஆகியவற்றால் திறந்த கிணறும் நிலத்தடி நீர்த்தொட்டியும் அசுத்தமாகும். அவற்றுக்கு அருகில் நடுவது நல்லதன்று. அண்டை வீட்டாரின் வாசலில் இதழ்கள் பரவுவதை எல்லோரும் அழகென்று கருதுவதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

விதையும் நாற்றும்

நன்கு கறுத்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் காய்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். காயை உடைத்து விதைகளை நீரில் கழுவினால் கரிய சதை நீங்கும். விதை தட்டையாக, பளபளப்பான பழுப்பு நிறத்தில் இருக்கும்.

இவ்விதையின் தோல் மிகக் கடினமானது. நீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் சில விதைகள் அந்த மழைக்கும், சில அடுத்த ஆண்டிலும், பல அதற்குப் பின்னரும் முளைக்கும். காட்டில் இது மரத்திற்கு நன்மையானதே. ஒரு மழை பொய்த்தாலும் விதைகள் அனைத்தும் அழிவதில்லை. கரடி, குரங்கு, நரி போன்ற விலங்குகள் இனிப்பான சதைக்காகக் காயை உடைத்துத் தின்னும்போது விதைகள் வெளியேறிப் பரவுகின்றன.

தோட்டக்காரர் தோலில் ஒரு சிறு வழியை உண்டாக்கினால் போதும். விதையின் ஒரு முனையில் அது காயோடு ஒட்டியிருந்த தழும்பு காணப்படும். முளை அப்பக்கமாகவே வெளிவரும். எனவே அதற்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளிலோ கரடுமுரடான தரையிலோ உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும்வரை தேய்க்கவேண்டும். நகவெட்டியால் ஓரத்தைச் சிறிது கிள்ளுவதும் உண்டு. பின்னர் ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் விதை இருமடங்காக உப்பும். உப்பாமல் கிடக்கும் விதையை மீண்டும் தேய்க்கலாம். விதைகள் மிகுதியாக இருந்தால், கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, ஆறும்வரை விட்டுவைப்பது எளிய முறை. அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தால் விதை வெந்துவிடும். அடர் கந்தக அமிலத்தில் ஊறவைக்கும் முறை நூல்களில் கூறப்படுகின்றது. அது ஆய்வகத்திற்கும் பெரிய நாற்றங்கால்களுக்கும் உரியது. வீட்டில் முயலத் தக்கதன்று.

ஊறிய விதைகளை மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த பைகளில் ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றவேண்டும். ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளைக்கும். முதல் ஈராண்டுகளில் வளர்ச்சி மெதுவாக இருக்கும். மேலே தெரியாவிட்டாலும் ஆணிவேர் ஆழமாகச் செல்கின்றது. இதனால் சிறிய பையில் நெடுநாள் வைத்திருந்த கன்றுகளின் வேர் பையின் அடியில் சுருண்டுவிடும். கடைகளில் விற்கும் உயரமான கன்றுகளில் இக்குறை மிகுதி. ஆறடிக் கன்று சிறு பையில் நிற்குமானால் அதனைவிட, அதே அளவுப் பையிலுள்ள இரண்டடிக் கன்றே சிறந்தது. விலையும் குறைவு.

நடுதல்

தென்மேற்குப் பருவமழை பெறும் மேற்கு மாவட்டங்களில் சூன், சூலை மாதங்களும், வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள கடலோர மாவட்டங்களிலும் ஈழத்தின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நடுவதற்கு ஏற்றவை. இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழி போதுமானது. தோண்டிய மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்பவேண்டும். நெகிழிப் பையை முழுவதும் கிழித்து அகற்றவேண்டும் என்பது கூறாமலே விளங்கவேண்டியது. எனினும் காற்றில் சாய்ந்த இளமரங்களின் அடியில் பையின் எச்சம் கிடப்பதைப் பலமுறை காணலாம். அடியில் சுருண்ட வேர் இருந்தால் அதனைக் கூரிய கத்தியால் வெட்டிவிட்டே நடவேண்டும். சுருண்ட வேர் பின்னர் தானாக நேராவதில்லை. மரம் பெருக்கப் பெருக்க அது தன்னைத்தானே இறுக்கும். பற்று இல்லாத அத்தகைய மரம் பத்தாண்டு கழித்து ஒரு புயலில் வேரோடு சாயும்.

பையிலிருந்த மண்மட்டமும் தரைமட்டமும் ஒன்றாக இருக்குமாறு நட்டு, காற்றுக்கு ஒரு கழி ஊன்றித் தளர்வாகக் கட்டலாம். கட்டை ஓராண்டுக்குப் பின் அவிழ்த்துவிட வேண்டும். ஆடுமாடுகள் இதன் இலையைப் பொதுவாக விரும்பித் தின்பதில்லை. ஆயினும் மிதிபடாமலிருக்க வேலி தேவை.

நல்ல வெயில் இன்றியமையாதது. மண்ணைப் பொறுத்தவரை செம்மண், சரளை, மணற்பாங்கான நிலம் ஆகியவற்றில் வளரும். நீர் தேங்கும் களிமண் மட்டும் ஆகாது. அத்தகைய மனையில் ஓரடி மேட்டை எழுப்பி அதன்மேல் நடுவது வழக்கம்.

நீர், உரம், பூக்கும் பருவம்

முதல் இரு கோடைகளில் வாரம் இருமுறை நீர் ஊற்றி, அடியில் காய்ந்த இலைகளால் மூடாக்கு இடவேண்டும். அதன் பின்னர் மழைநீரே போதும். ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் சிறிது தொழுவுரம் இடலாம்.

நன்கு வளர்ந்தும் மரம் பூக்கவில்லை என்பது பரவலான குறை. வயது போதாமை ஒரு காரணம். மற்ற மரங்களின் அல்லது மாடிக் கட்டடத்தின் நிழல் மற்றொன்று. ஆனால் பலரும் எண்ணிப்பார்க்காத காரணம் மிகையான கவனிப்பாகும். சரக்கொன்றை இலையுதிர்க்கவும் அரும்பெடுக்கவும் வறண்ட காலம் ஒன்று தேவைப்படுகின்றது. ஆண்டு முழுவதும் மழை பெறும் சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களில் மழையற்ற சில வாரங்களுக்குப் பின்னரே இது நன்றாகப் பூக்கின்றது. புல்தரைக்கு நாள்தோறும் பாய்ச்சும் நீரைக் குடித்துக்கொண்டிருக்கும் மரம் இலையை உதிர்க்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகவே சரம் விடும். சனவரி முதல் நீரை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் மாற்றம் தெரியும். யூரியா போன்ற தழைச்சத்து உரங்களும் இலையையே பெருக்கும்.

பூக்கும் பருவத்தைப் பற்றிய ஒரு புதிர் இலக்கியத்திலும் உள்ளது. சங்கப் பாடல்களில் கொன்றை முல்லை நிலத்தின் மலர். அது பூப்பது கார்காலத்தில். புறநானூற்றின் கடவுள் வாழ்த்தும் சிவபெருமான் சூடும் கொன்றையைக் காரோடு சேர்த்தே கூறுகின்றது. இன்றைய சரக்கொன்றையோ கோடையில் பூக்கின்றது. கோடை மழையை ஒட்டிப் பூப்பதையும், சில ஆண்டுகளில் பருவமழையின்போது இரண்டாம் முறையாகச் சிறிதளவு பூப்பதையும் கொண்டு சிலர் இதற்கு விளக்கம் கூறுவர். குறுந்தொகையின் 66 ஆம் பாடலில், தலைவன் வருவதாகச் சொன்ன கார்காலம் வந்துவிட்டதே என்று வருந்தும் தலைவிக்குத் தோழி, இது பருவமல்லாப் பருவத்து மழை, இதைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றைகள் அறிவில்லாதவை என்று ஆறுதல் கூறுகின்றாள். தலைவியைத் தேற்றச் சொன்ன சொல் என்றாலும், வறட்சிக்குப் பின் வரும் மழைக்கு இம்மரம் உடனே வினைபுரியும் இயல்பு அதில் பதிவாகியுள்ளது எனலாம். விஷுவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே கொன்னை பூத்துவிட்டது என்ற செய்தியைக் கேரள நாளிதழ்களில் இப்போது அடிக்கடி காணமுடிகின்றது.

புழுக்கள்

மழைக்குப் பின் தளிர்விடும் காலத்தில் பச்சை நிறப் புழுக்கள் இலைகளைத் தின்பதுண்டு. சில நாள்களில் இளமரம் மொட்டையாகிவிடும். இவை காடோப்சிலியா இனத்து வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். மரம் இதனால் சாவதில்லை. ஓரிரு வாரங்களில் மீண்டும் தளிர்க்கும். பூச்சிமருந்து தெளித்தால் பூவுக்கு வரும் தச்சுத் தேனீக்களும் அழியக்கூடும். கன்று மிகச் சிறியதாயின் புழுக்களைக் கையால் எடுத்துவிடலாம்; வளர்ந்த மரமாயின் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. குஞ்சுகளுக்கு இரைதேடும் சிறு பறவைகள் இக்காலத்தில் மரத்தை நாடி வரும். மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஆகியவை தாக்கினால் வேப்பெண்ணெய்க் கரைசல் பயன்படும். கரையான் பற்றிய வறண்ட நிலங்களில் முதல் ஆண்டுக் கன்றைக் கவனிக்கவேண்டும்.

கவாத்து

இளமையில் அடிமரம் ஒன்றாக இருக்குமாறு பக்கக் கிளைகளைக் குறைத்து, ஆறடி உயரத்திற்கு மேல் கிளைக்கவிடுவது நல்லது. தொங்கும் சரங்கள் தலையில் இடிக்காமல் அடியில் நடக்க இது உதவும். வளர்ந்த மரத்திற்குக் கவாத்து மிகுதியாகத் தேவையில்லை. வெட்டவேண்டியிருந்தால் பூ முடிந்தவுடன் வெட்டவேண்டும். புயலுக்கு அஞ்சி அக்டோபரில் கிளைகளை மொத்தமாகக் கழித்துவிட்டால் அடுத்த கோடையின் பூவும் அவற்றோடு போய்விடும். காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் மட்டும் அப்போது அகற்றலாம்.

காயைப் பற்றிய எச்சரிக்கை

காயின் சதை சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் மலமிளக்கியாகப் பயன்படுகின்றது. கொன்றைப்புளி என்பது இதன் பெயர். இனிப்புச் சுவையுடையதால் சிறுவர்கள் சுவைத்துப் பார்ப்பதுண்டு. அளவு மிகுந்தால் கடும் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் உண்டாகும். மருத்துவர் அறிவுரையின்றி வீட்டில் மருந்தாக உட்கொள்வது தவிர்க்கப்படவேண்டும். விதைகளும் உண்ணத்தக்கன அல்ல. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில், கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் காய்களையும் கீழே விழுந்தவற்றையும் அவ்வப்போது அகற்றிவிடுவது வழக்கம். கறுத்து முற்றிய காய்கள் பலத்த காற்றில் விழும் என்பதால், வண்டிகள் நிறுத்துமிடத்திற்கு நேர் மேலே உள்ள கிளைகளின் காய்களைக் கோடைக்கு முன்பே கொக்கித் தடியால் பறித்துவிடலாம். அவற்றுள் நல்லனவற்றை விதைக்கென உலர்ந்த இடத்தில் எடுத்துவைத்தால், உடைக்காத காய்க்குள் விதை நெடுங்காலம் கெடாமல் இருக்கும்.